சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

கடலில் நைட்ரஜன் தேடுவது என் வேலை. இப்படிச் சொன்னால் எங்கள் ஊரில் பலருக்கு விளங்காது. அண்ணனுக்குச் சுத்தமாக விளங்காது. "கடல்ல உப்ப விட்டா வேற என்னட்டி கெடக்கு?" என்று ஒவ்வொரு விடுமுறைக்கும் கேட்பார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து, ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே வயலும் தென்னந்தோப்புமாக இருப்பவர். கேலி செய்தாலும், நான் கிளம்பும்போது பை நிறையத் தேங்காய் கட்டிவைப்பவரும் அவர்தான்.

பதில் சொல்லிப் பார்த்ததுண்டு. நாம் இழுக்கும் மூச்சில் பெரும்பங்கு நைட்ரஜன்தான். உள்ளே போய் ஒன்றும் செய்யாமல் வெளியே வந்துவிடும். அதையே ஒரு மின்னலோ, அவரைவேரில் குடியிருக்கும் நுண்ணுயிரோ, உரத் தொழிற்சாலையோ பிடித்துக் கட்டிப்போட்டால் பயிராகும், சோறாகும், நம் சதையாகும். கட்டு அவிழ்ந்தால் மறுபடி காற்று. இத்தனை வருடம் படித்தும் எனக்கு இந்தச் சுற்று அலுக்கவில்லை.

வைப்பாறு கடலில் சேருமிடத்தில், ஒரு மழைக்காலத்தில் படகில் நின்றிருக்கிறேன். பயிர் எடுக்காமல் விட்ட உரம் ஆற்றோடு வந்து நுண்பாசிக்கு விருந்தாகி, கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர் பச்சையாகக் கிடந்தது. சில நாளில் பாசி அழுகி, மூச்சுக்கு வழியில்லாமல் மீன்கள் செத்து ஒதுங்கின. பயமாக இருந்தது, கையெடுத்துக் கும்பிடவும் தோன்றியது. எங்கள் மலையில் இறங்கும் ஓடைகளும் அந்த ஆற்றில்தான் போய்ச் சேருகின்றன.

போன ஐப்பசியில் அண்ணன் மகளைப் பார்க்கப் போனேன். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள் பெண் குழந்தை பெற்றிருந்தாள். தாய்ப்பால் போதாமல் பால்பவுடர் கரைத்த புட்டிப்பால். அதற்குத் தண்ணீர் காய்ச்சும் பொறுப்பை அண்ணன் மதினிக்குக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. எல்லையில் காவல் நின்ற மனிதர் அடுப்படியில் காவல் நின்றார். கேன் தண்ணீர் ஆகாது, தோப்புக் கிணற்றுத் தண்ணீர்தான். அதுவும் கஷாயம் போலப் பாதியாகச் சுண்ட வேண்டும். எங்கள் வீட்டில் பச்சைப்பிள்ளை என்றால் அப்படித்தான்.

"ஒரு கிருமி பொழைக்காது, பாத்துக்கோ" என்றார்.

குழந்தையைக் கையில் வாங்கினேன். உதட்டைச் சுற்றி நீலம் பாரித்திருந்தது. நகக்கண்ணிலும் அதே நீலம். அழுகை வெறும் முனகலாக வந்தது.

"ரெண்டு மூணு நாளா இப்படித்தான் அத்தை. மழைக்குளிருக்குன்னு அம்மா சொல்லுதாக" என்றாள் அண்ணன் மகள்.

ஜன்னலுக்கு வெளியே அண்ணனின் நெல்வயல் கரும்பச்சையாக நின்றது. அந்தப் பச்சையில் அவருக்கு அவ்வளவு பெருமை. மேற்கே மலை இருட்டினால், மழைக்கு முந்தி யூரியாவை வீசிவிடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். மழை அதை வேருக்குக் கொண்டுபோகும் என்று ஒரு நினைப்பு. வேருக்குப் போவது கொஞ்சம்தான். மீதி நைட்ரேட்டாக மாறி ஓடைக்கும், மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுக்கும் போகும். தோப்புக் கிணறு வயலை ஒட்டியே இருந்தது.

ஆற்றுநீருக்கு வைத்திருந்த நைட்ரேட் சோதனைத் தாள்கள் என் பையில் இருந்தன. ஒன்றை எடுத்துச் சுண்டிய தண்ணீரில் நனைத்தேன். கடற்கரையில் லேசாக ரோஜா நிறம் காட்டும் தாள், இங்கே பீட்ரூட் நிறத்துக்குப் போனது. கிருமி செத்திருந்தது, வாஸ்தவம். நைட்ரேட் ஆவியாகிப் போகாது. தண்ணீர் பாதியாகச் சுண்டியபோது அது இரட்டிப்பாகிவிட்டது.

"அண்ணே, வண்டிய எடுங்க" என்றேன்.

"என்னட்டி, என்ன செய்யுது பிள்ளைக்கு?"

"பொறவு சொல்லுதேன். மொதல்ல எடுங்க."

ராஜபாளையத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். மருத்துவர் எடுத்த ரத்தம் கருப்பட்டிப் பாகு நிறத்தில் இருந்தது. கிணற்றில் இறங்கிய யூரியாவையும் சுண்டிய தண்ணீரையும் பற்றி அண்ணன் முன்னாலேயே நான் சொன்னதும் மருத்துவருக்குப் புரிந்துவிட்டது. பிஞ்சு வயிற்றில் நைட்ரேட் உருமாறி ரத்தத்தில் கலந்தால், ரத்தம் மூச்சைச் சுமக்க முடியாமல் போகும். கடலில் மீன்களுக்கு நேர்ந்த அதே மூச்சுத்திணறல், ஒரு முழக் குழந்தைக்குள். ஆக்ஸிஜன் வைத்தார்கள். பிறகு ஊசியில் ஏற்றிய மருந்தோ மைபோல நீலம். நீலம் பாரித்த பிள்ளைக்கு நீல மருந்தா என்று அண்ணன் என் முகத்தைப் பார்த்தார்.

சற்று நேரம்தான். உதடு முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது. குழந்தை வீறிட்டு அழுதது. அண்ணன் மகள் அதைவிடச் சத்தமாக அழுதாள். நான் படித்த அத்தனையும் அந்த உதட்டில் ஓடிவந்து நின்றதைப் பார்த்தேன். இவ்வளவு பெரிய சுற்று, இவ்வளவு சின்ன உடம்பையும் விடாமல் தொட்டுப் போகிறதே என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மறுநாள் காலையில் துணிமணி எடுக்க நானும் அண்ணனும் வீட்டுக்கு வந்தோம். மலை இருட்டிக்கொண்டு வந்தது. அக்கம்பக்கத்து வயல்களில் யூரியா வீச ஆட்கள் இறங்கிவிட்டார்கள். தாழ்வாரத்தில் அண்ணனின் மூட்டைகளும் தயாராக இருந்தன. அவர் மூட்டைப் பக்கம் போகவில்லை. வரப்பில் போய் நின்றார்.

"நான் போட்டதுல பயிரு எம்புட்டு தின்னுருக்கும்?" என்று கேட்டார்.

"கொஞ்சந்தான்ணே. பாதிகூட இருக்காது."

"மிச்சம்?"

முதல் தூறல் விழுந்தது. அவர் கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிச்சத்தத்தான் நான் பக்குவமாக் காய்ச்சிப் பிள்ளைக்குக் குடுத்துருக்கேன்" என்றார்.