பச்சை அடித்த கட்டங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பேய் பிசாசுக்குப் பயப்படுகிற ஆள் இல்லை. தங்கச் சுரங்கம் இருந்த சாம்பியன் ரீப்ஸில் பிறந்து வளர்ந்தவள். மூடிக் கிடக்கிற சுரங்க ஷாஃப்ட் பக்கம் குரல் கேட்டது, ஆட்களைக் கீழே இறக்குகிற கேஜ் சத்தம் கேட்டது என்று யாராவது ஆரம்பித்தால், "போய் வேற வேலை இருந்தா பாருங்க" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவேன். நான் சொல்வதைக் கேட்டு நீங்களும் என்னை அப்படித்தான் பார்ப்பீர்கள், பரவாயில்லை.

போன வருஷம் வரை எனக்குப் பெங்களூரில் வேலை. விடியற்காலை ரயிலில் போனால் வீடு திரும்ப எட்டரை, ஒன்பது ஆகிவிடும். வீட்டுக்காரர் ஓசூரில் தங்கி வேலை பார்க்கிறார், சனிக்கிழமைதான் வருவார். மகள் ரக்ஷிதா, ரச்சு என்போம், ஒன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் பக்கத்து வீட்டு சரோஜாக்கா பார்த்துக்கொள்வார். நான் கிளம்பும்போதும் ரச்சு தூக்கம், வரும்போதும் தூக்கம். இந்த லட்சணத்தில் அவளுடைய மிஸ் டைரியில் எழுதி அனுப்பினார், எழுத்துக் கூட்டக்கூட வரவில்லை, மற்ற பிள்ளைகள் எங்கேயோ போய்விட்டார்கள், வீட்டில் யாராவது தினமும் அரை மணி நேரம் கூட உட்காருங்கள் என்று. அன்றைக்குக் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதேன்.

ஆபீசில் ஒரு பெண் புல்லட் ஜர்னல் போடுவாள். அவளைப் பார்த்து நானும் புள்ளி வைத்த நோட்டு ஒன்று வாங்கி, மாதம் பிறப்பதற்கு முந்தின நாள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். மேலே ஒன்று முதல் முப்பது வரை தேதி, இடது பக்கம் பழக்கங்கள்: தண்ணீர் குடிப்பது, நடப்பது, ரயிலில் போன் பார்க்காமல் இருப்பது, கத்தாமல் இருப்பது. கடைசி வரிசை, 'ரச்சுவோடு அரை மணி நேரம்'. செய்த அன்றைக்கு அந்தக் கட்டத்தில் கலர் அடிக்க வேண்டும், ரச்சுவுக்குப் பச்சை. இந்த மாதக் குறிக்கோள் என்று கொட்டை எழுத்தில் போட்டேன்: ரச்சு வாசிக்க வேண்டும். எந்த நேரத்தில் உட்காரப் போகிறேன் என்று எனக்கே தெரியாது, கட்டம் போட்டால் நேரம் தானாக வந்துவிடும் என்று ஒரு நப்பாசை.

முதல் வாரம் மற்ற வரிசைகள் அங்கங்கே நிறைந்தன. பச்சை வரிசை சுத்தமாகக் காலி, பார்க்கவே கூசியது. எட்டாம் தேதி காலை ரயிலில் நோட்டைத் திறந்தால் ஏழு கட்டமும் பச்சை! ரச்சு வேலைதான் என்று நினைத்தேன், ஆனால் அவள் அடித்தால் பக்கமே பச்சையாகியிருக்கும். இதுவோ சாய்த்து, கோட்டைத் தொடாமல், அச்சு அசல் நான் அடிக்கிற மாதிரி. சரி, தூக்கக் கலக்கத்தில் நானே அடித்திருப்பேன் என்று விட்டுவிட்டேன். அன்று சாயங்காலம், நம்பினால் நம்புங்கள், ரயில் ஒயிட்ஃபீல்டு தாண்டுகிறது, மணி ஏழு, உட்கார இடம் கிடைத்ததே என்று நோட்டை எடுக்கிறேன், எட்டாம் தேதிக் கட்டமும் பச்சை. தொட்டேன், விரலில் ஒட்டியது. நோட்டும் பேனாவும் நாள் முழுக்க என் கைப்பையில்தான் இருந்தன.

வீட்டுக்கு ஓடினேன். சரோஜாக்கா கதவைத் திறந்து, "இன்னாமா, இன்னிக்கும் ரெண்டு வாட்டியா?" என்றார்.

"இன்னா ரெண்டு வாட்டி?"

"ஆறரைக்கு வந்து புள்ளயப் படிக்க வெச்சிட்டு, தோ வந்துடறேன்னு போறியே. எங்க போறேன்னு நானும் கேட்டுக்கல. அப்பவும் இதே மஞ்ச சுடிதார்தான் போட்டுனு இருந்த."

சத்தத்தில் எழுந்த ரச்சு புத்தகத்தை எடுத்து, விரல் வைத்து, ஒரு பக்கம் முழுக்கத் தடுமாறாமல் வாசித்துக் காட்டினாள். யார் சொல்லிக் கொடுத்தது என்றால், "நீதாம்மா" என்றாள். சந்தோஷப்படுவதா பயப்படுவதா, சொல்லுங்கள்.

நோட்டை பீரோவில் வைத்துப் பூட்டினேன், பச்சை ஏறியது. அந்த வரிசையையே குறுக்கே அடித்தேன், அடித்ததற்கு மேலும் ஏறியது. வீட்டுக்காரர் போனில் சிரித்தார், "டென்ஷன்டி உனக்கு, தூங்கு" என்றார். லீவு கேட்டேன், ஆள் இல்லை, இப்போது முடியாது என்றார் மேனேஜர். சரோஜாக்காவிடம், ஆறரைக்கு வந்தால் உள்ளே விடாதீர்கள் என்று கெஞ்சினேன். "உன்னயே உள்ள வுடாதன்னா இன்னாமா அர்த்தம்? உடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். தினமும் ஆறரைக்கு ரயில் கூட்டத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இந்த நிமிஷம் என் துணியைப் போட்டுக்கொண்டு யாரோ என் குழந்தை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இருபத்திரண்டாம் தேதி சண்டை போட்டுப் பெர்மிஷன் வாங்கி, பஸ் பிடித்து, ஆறேகாலுக்கே வந்துவிட்டேன். சரோஜாக்கா வீட்டு வாசல்படியில் ரச்சு புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் புத்தகத்தை மூடினாள்.

"நீ ஏம்மா இப்பவே வந்த? நீ நான் தூங்கினப்புறம் வர்ற அம்மா தானே? இது படிக்க வெக்கிற அம்மா வர்ற டைம். அது அவ எடம், நவுரு."

கோபமே இல்லை, வீடு மாறி வந்தவர்களிடம் சொல்கிற மாதிரி சொன்னாள். நானும் நகர்ந்து உட்கார்ந்தேன், வேறு என்ன செய்ய? அன்றைக்கு யாரும் வரவில்லை. கட்டத்தில் பச்சையும் ஏறவில்லை. ரச்சு தெருவையே பார்த்துக்கொண்டிருந்து, அழுது அழுது தூங்கிப்போனாள்.

மறுநாளே வேலையை விட்டேன். இப்போது பக்கத்திலேயே ராபர்ட்சன்பேட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை, ஐந்து மணிக்கெல்லாம் வீடு. அதற்கப்புறம் அந்த இன்னொருத்தி வரவே இல்லை என்று சரோஜாக்கா சொல்கிறார், அவருக்கு அவளும் நானும் ஒன்றுதான், அதனால் அதை எவ்வளவு நம்புவது என்று தெரியவில்லை. ஆறரைக்கு நான்தான் உட்காருகிறேன். ரச்சு ஜோராக வாசிக்கிறாள், மிஸ்ஸே பாராட்டுகிறார்.

ஆனால் ஏழு மணி ஆனதும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "சரிம்மா, போய்ட்டு வா" என்கிறாள். முதல் நாள், நான் எங்கேடி போறது, இங்கேதான் இருப்பேன் என்று சிரித்தேன். மூச்சு முட்ட அழுதாள், "நீ போனாத்தானே அம்மா வருவா" என்று. அன்றையிலிருந்து தினமும் செருப்பை மாட்டிக்கொண்டு தெருக்கோடி வரை போய்க் கொஞ்ச நேரம் நிற்கிறேன். திரும்பி வந்து கதவைத் தட்டினால் ஓடிவந்து கட்டிக்கொண்டு, "வந்துட்டியாம்மா, ட்ரெயின் லேட்டா?" என்று கேட்கிறாள். ஆமாம் என்கிறேன்.