ஆபிசுக்குத் தனியாகப் போகக்கூடாது

என்னை வேலையிலிருந்து நிறுத்தப் போகிறார்கள் என்று முழுதாக நம்பினேன். கைபேசிக்கு வந்த ஒரு கூட்ட அழைப்புதான் ஆதாரம்: நாளைக் காலை, இயக்குநருடன், தலைப்பு எதுவும் இல்லை. பஸ் டிக்கெட் பதியும் செயலி ஒன்றை நடத்துகிற கம்பனி எங்களுடையது. அதில் திரைக்குப் பின்னால் இருக்கும் சர்வர் பக்கம் என் வேலை. முந்தைய வாரம் நான் மாற்றி எழுதிய நிரல் அந்த சர்வரைப் படுக்க வைத்திருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த இத்தனை வருடத்தில் இயக்குநர் என்னிடம் நேரே பேசியதில்லை. இப்போது பேசுகிறார் என்றால் வேறென்ன?

லீவில் கொழும்பிலிருந்து வந்து, றக்வானைக்கு மேலே தேயிலைத் தோட்டத்து வீட்டில் இருந்தேன். தேயிலைத் தொழிற்சாலையில் உழைத்து ஓய்ந்த அப்பாவிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"ஆபிசுக்குக் கூப்பிட்டானுங்களா? என்னத்தடா செஞ்ச?"

"ஒன்னுமில்லப்பா. சும்மா பேசத்தான்."

"சும்மா பேச எந்த ஆபிசுலடா கூப்பிடுறான்? தனியா போகாத. தலைவர கூட்டிக்கிட்டுப் போ."

தோட்டத்தில் ஆபிசிலிருந்து அழைப்பு வந்தால் யாரும் தனியாகப் போவதில்லை. தொழிற்சங்கத் தலைவர் கூடப் போவார். தோட்டத்தை நிர்வகிக்கிற துரை சொல்வதைக் கேட்க இன்னொரு காது வேண்டும். இது வீடியோ கோல் என்று நான் விளக்கி முடிப்பதற்குள் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு தலைவர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

அன்று பொழுது சாய்வதற்குள் நான் மனதுக்குள் காரை விற்று, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் மாற்றி, பலாங்கொடை டவுனில் போன் ரிப்பேர் கடை திறந்து, அதையும் நட்டத்தில் மூடிவிட்டேன்.

சிக்னல் கிடைப்பது மேல் ரோட்டு வளைவில் மட்டும். காலையில் லெப்டொப்பை மதகுக் கட்டின் மேல் வைத்தேன். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே இடுப்பில் கட்டிய சாரம். தலைவர் தலைசீவி, வெள்ளைச் சட்டையோடு வந்து, கேமராவில் படாமல் தேயிலைச் செடியோரம் அப்பாவுடன் நின்றார்.

"பயப்படாதீங்க தம்பி. கடுதாசி குடுத்தா கையெழுத்து மட்டும் வச்சிறாதீங்க."

இயக்குநர் ஆங்கிலத்தில் சுருக்கமாகப் பேசினார். எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் விலகிவிட்டார்; இனி அந்தப் பொறுப்பு எனக்கு. செலவைக் குறைக்கப் பிரிவில் ஒருவரை நிறுத்துகிறார்கள். அதை இந்த வாரமே நான் அவரிடம் சொல்ல வேண்டும். அவர் என் பக்கத்து மேசைக்காரர். சர்வர் படுத்த அன்று கூடவே இருந்து அதை எழுப்பிக் கொடுத்தவர்.

சரி என்றேன். என் குரலில் நிம்மதி இருந்தது. எனக்கே கேட்டது.

"என்ன தம்பி, நிப்பாட்டிட்டானுங்களா?"

"இல்ல தலைவரே. என்னையப் பெரியாளாக்கிட்டாங்க. வேற ஒருத்தர நிப்பாட்டுறாங்க. நான்தான் அவருகிட்ட சொல்லணுமாம்."

"பாத்தியா, நம்ம பய தொரையாயிட்டான்!" என்று அப்பா சிரித்தார்.

தலைவர் சிரிக்கவில்லை. "அவருக்கு யாரு கூட வருவா?" என்று கேட்டார்.

"எங்க கம்பனியில அப்படி யாரும் இல்லீங்க."

தலைவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "சரி, தேத்தண்ணி குடிக்கப் போவோம்" என்றார்.

கொழும்புக்குத் திரும்பியதும் அழைப்பை அனுப்பினேன். தலைப்பில் என்ன எழுதுவதென்று தெரியாமல் வெறுமையாக விட்டேன். அன்று வீட்டிலிருந்து வேலை செய்த அவர், திரையில் தனியாகத்தான் வந்தார். சொன்னேன். "சரி அண்ணா" என்றார்.