புகைக்குக் காத்திருந்த பெட்டிகள்

எதுவும் நடக்காமல் இருக்கும்வரை “இதை எதுக்குய்யா மாட்டினோம்?” என்று கேட்பார்கள்; ஏதாவது நடந்துவிட்டால் “இது இருந்துமா இப்படி?” என்பார்கள். புகை காட்டும் கருவி விற்கிற தொழில் அது. எண்பதுகளின் பின்பாதியில் சென்னைக் கம்பெனி ஒன்றுக்காகத் திண்டிவனம், விழுப்புரம் பக்கம் அதை விற்றவன், மாட்டியவன், பழுது பார்த்தவன் எல்லாம் நான்தான். மூன்றுக்கும் ஒரே ஆள் என்பதால் திட்டு வாங்கவும் ஒரே ஆள். யாருக்கும் புரியாத ஒரு சரக்கைத் தூக்கிக்கொண்டு நீங்களும் பஸ் ஏறியவராக இருந்தால் என் கஷ்டம் உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. பெரிய குடோன்களில் கூரைக்குச் சற்றுக் கீழே இந்தச் சுவரில் ஒரு பெட்டி, எதிர்ச்சுவரில் ஒரு பெட்டி. ஒன்று கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்பும், இன்னொன்று வாங்கிக்கொள்ளும். நடுவே புகை ஏறி ஒளி மங்கினால் மணி அடிக்கும். அவ்வளவுதான் சங்கதி.

கயிறு எங்கே?

முதல் வியாபாரம் திண்டிவனத்தில், சிங்காரம் என்பவருடைய மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டியில். குடோனின் இந்தக் கோடியில் நின்று கூப்பிட்டால் அந்தக் கோடியில் இருப்பவருக்குப் பாதிதான் கேட்கும். இரண்டு பெட்டிகளையும் மாட்டி முடித்ததும் அவர் அண்ணாந்து பார்த்தார். “ரெண்டுக்கும் நடுவுல கயிறோ கம்பியோ ஒண்ணுங் காணமே?” என்றார். இல்லை என்றேன். நம்பவில்லை. மூங்கில் கழி ஒன்றில் தன் துண்டைக் கட்டி, மூட்டை அடுக்கின் மேல் ஏறி நின்று, ஒளி போகிற இடத்தில் ஆட்டினார். மணி அடிக்கவில்லை. மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தது.

ஒளியைப் படக்கென்று முழுசாக மறைத்தால் அது கோளாறு, கொஞ்சம் கொஞ்சமாக மங்கினால்தான் புகை என்று விளக்கினேன். வாயால் சொன்னது எடுபடவில்லை. கடைசியில் தூபக்காலில் சாம்பிராணி போட்டு நானே ஏணியில் ஏறினேன். என் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீராகக் கொட்டியது. இறங்கிவிடலாமா என்று நினைத்தபோது மணி அடித்தது. மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் கை தட்டினார்கள். சிங்காரம் மட்டும் தட்டவில்லை. யோசித்துவிட்டுச் சொன்னார்: “கண்ணுக்குத் தெரியாத சரக்க வாங்குறது இதான் மொத தபா. மாசம் ஒருக்கா வந்து அது இன்னும் அங்கதான் இருக்குதுன்னு காட்டிட்டுப் போவணும் நீ.”

பன்னிரண்டரை மணி

விழுப்புரத்திலிருந்து காணை போகிற வழியில் நடேசன் என்பவர் அரிசி ஆலை வைத்திருந்தார். தகரக் கூரை, இரும்புத் தூண்கள். நான் மாட்டிவிட்டு ஊர் திரும்பிய மறுநாளிலிருந்து பகல் பன்னிரண்டரைக்கு மணி அடித்தது, தினமும். முதல் நாள் எல்லாரும் வெளியே ஓடினார்கள். இரண்டாம் நாள் பாதிப் பேர். அடுத்த வாரம் ஒருவரும் தலை நிமிரவில்லை. கம்பெனிக்குக் கார்டு வந்தது: “கழற்றிக்கொண்டு போகவும்.”

நேரில் போய் ஒரே ஒரு நாள் அவகாசம் கேட்டேன். நடேசன் கடிகாரத்தைக் காட்டி, “நாளிக்கி பன்னண்டரைக்கு அடிச்சிச்சின்னா அதோட முடிஞ்சிது” என்றார். மறுநாள் காலையிலிருந்து ஏணி உச்சியில், வந்து சேரும் ஒளியை அளக்கிற மீட்டரோடு உட்கார்ந்தேன். வெயில் ஏற ஏற முள் இறங்கியது. பெட்டியைத் தாங்கிய தூணைத் தொட்டுப் பார்த்தேன், தோசைக்கல் மாதிரி இருந்தது. புரிந்துவிட்டது. சூட்டில் இரும்பு துளி வளைகிறது. இங்கே மயிரிழை நகர்ந்தால் அந்தக் கோடிக்குப் போகும்போது ஒளி ஒரு முழம் விலகிவிடும். அவசர அவசரமாக இரண்டு பெட்டிகளையும் கழற்றிச் செங்கல் சுவருக்கு மாற்றினேன்.

பன்னிரண்டரை ஆயிற்று. சத்தமில்லை. ஒரு மணி வரை சத்தமில்லை. நடேசன் ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். எங்கள் தொழிலில் அதுதான் பாராட்டு. மேஸ்திரி கோவிந்தன்தான் முகம் வாடி என்னிடம் வந்தார். “நின்னது சந்தோசந்தான் சார். இனிமே எங்களுக்குச் சோத்து வேள ஆச்சின்னு யாரு சொல்லுவா?”

ஏறிய முள்

அதே ஆலையில் மூன்று மாதத்தில் மறுபடியும் மணி. இந்தத் தடவை தவிட்டுத் தூசி. பெட்டியின் கண்ணாடியில் படிந்து படிந்து ஒளி மங்கியிருந்தது. வாரம் ஒரு முறை துடைக்க ஆள் வேண்டும் என்றேன். ஆண்கள் எல்லாரும் ஏணியைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். குடோன் பெருக்குகிற அஞ்சலை துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார். நாற்பது வயதிருக்கும். காய்ந்த துணியால் மட்டும் துடைக்கணும், பெட்டியை அசைக்கக் கூடாது என்று கீழேயிருந்து சொன்னேன். “அசச்சா இன்னா ஆவும்?” என்றார். சொன்னேன். “தொடைக்காட்டி?” அதையும் சொன்னேன். என்னிடம் அதுவரை ஒருவரும் இவ்வளவு கேள்வி கேட்டதில்லை.

இறங்கியதும் மீட்டரைக் காட்டினேன். துடைப்பதற்கு முன் முள் இங்கே, இப்போது இங்கே. குனிந்து நெடுநேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார். “இத்தினி வருசமாப் பெருக்கிக்கினு கீறேன், எது மேல ஏறிச்சி? இன்னிக்கித்தான் ஒரு முள்ளாவது ஏறுது.”

நிறுத்தாதீங்க

அடுத்தது நடந்தபோது நான் அங்கே இல்லை. மறுநாள் போனபோது கோவிந்தன் சொல்லித் தெரிந்துகொண்டேன். காலை பத்து மணிக்கு ஆலையில் மணி அடித்திருக்கிறது. புகை எங்கும் தெரியவில்லை. “சனியன், மறுபடியும் பேஜாரு பண்ணுது, நிறுத்துய்யா” என்று நடேசன் ஆபீஸிலிருந்து கத்தியிருக்கிறார். கோவிந்தன் ஸ்விட்சை அணைக்கப் போனபோது அஞ்சலை குறுக்கே வந்து நின்றிருக்கிறார். “நிறுத்தாதீங்க. பின்னால போய்ப் பாருங்க.” முதலாளி சொல்லியும் அவர் நகரவில்லை. வேறு வழியில்லாமல் கோவிந்தன் மூட்டைகளுக்குப் பின்னால் போய்ப் பார்த்தார்.

கடைசி அடுக்கில் ஈரத் தவிட்டு மூட்டைகள் உள்ளுக்குள்ளேயே சூடாகிக் கருகிக்கொண்டிருந்தன. நீராவி போல மெல்லிசாகப் புகை நேராகக் கூரைக்குப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்திலேயே காலிச் சாக்குக் குவியல். நெல் ஊறுகிற தொட்டியிலிருந்து வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள், மூட்டைகளை வெளியே இழுத்துப் போட்டார்கள். கோவிந்தனுக்கு உள்ளங்கையில் ஒரு கொப்புளம். அதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் இல்லை.

நான் போனபோது ஈரத் தவிட்டின் புளித்த வாடை இன்னும் அடித்தது. ஸ்விட்ச் பெட்டிக்குப் பூட்டு வந்திருந்தது. சாவியை நடேசனே கூப்பிட்டு அஞ்சலையிடம் கொடுத்தாராம். அது அஞ்சலையின் இடுப்பில் தொங்கியது. எப்படி அவ்வளவு உறுதியாக நின்றீர்கள் என்று கேட்டேன். “காலீல நாந்தான சார் கண்ணாடியத் தொடச்சேன்? அழுக்கு இருந்தாத்தான அது பொய் சொல்லும்.”

கெட்டிமேளம்

அதற்குப் பிறகு நடேசனைப் பிடிக்க முடியவில்லை. விழுப்புரத்தில் அவர் புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபத்திலும் மாட்டச் சொன்னார். ஹோமப் புகை இருக்கிறது, வேண்டாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். “அவ்ளோ பெரிய ஹாலு, ஜனம் ஆயிரம் உக்காரும், அதுக்குக் காவல் வாணாமா?” என்றார். அது நியாயமாகத்தான் பட்டது. முகூர்த்த நேரத்தில் மட்டும் மணியை நிறுத்திவிட்டு, ஒரு ஆள் வாளித் தண்ணீரோடு நிற்க வேண்டும் என்று மானேஜருக்கு எழுதிக் கொடுத்தேன்.

முதல் கல்யாணத்தில் மானேஜர் அதை மறந்துவிட்டு டிபன் பந்தியில் இருந்தார். ஐயர் நெய்யை ஊற்ற, மணி பிடித்துக்கொண்டது. பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வந்திருந்த நான் ஸ்விட்சை நோக்கிக் கூட்டத்துக்குள் புகுந்தேன். அதற்குள் யாரோ ஒரு பெரியவர், இதுதான் சைகை என்று நினைத்து, “கெட்டிமேளம்! கெட்டிமேளம்!” என்று கத்திவிட்டார். தவில் முழங்கியது, மாப்பிள்ளை பதறித் தாலியைக் கட்டிவிட்டார், அட்சதை மழையாகக் கொட்டியது. நல்லவேளை, முகூர்த்த நேரம் அதற்குள் தொடங்கியிருந்தது. பெண் தலை குனிந்தபடி அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய் மணியை நிறுத்திவிட்டு, மன்னிப்புக் கேட்கலாம் என்று மேடைப் பக்கம் வந்தேன். நாதஸ்வரக்காரர் என்னைக் கை காட்டி நிறுத்தினார். “நல்ல கணீர்னு கீதுங்க. அடுத்த தபா முன்னாடியே சொல்லிட்டீங்கன்னா அதோட சுருதி சேத்துக்குவோம்.”

புகை காட்டுகிற பெட்டியை நாலு ஸ்குரூவில் மாட்டிவிடலாம், அது சொன்னால் நம்புகிற ஒரு ஆளைத்தான் எந்தக் கம்பெனியும் கூடவே பார்சல் கட்டி அனுப்புவதில்லை.