குடியிருந்தவர் சொன்ன குறைகள்

என் கணவர் என்னைப் பெண் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டில் அரை மணி நேரம்தான் இருந்தார். அதிலும் பாதி நேரம் கேசரி சாப்பிட்டார். கிளம்பும்போது சம்மதம் சொல்லிவிட்டுத்தான் போனார். அப்படிப்பட்டவர் ஒரு வீட்டை வாங்குவதற்கு வருடக்கணக்கில் யோசிப்பார் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

நாங்கள் தேனிப் பக்கத்துக்காரர்கள். கல்யாணம் முடிந்த கையோடு திருப்பூருக்கு வந்துவிட்டோம். அவருக்கு ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு வேலை. எனக்கு இன்னொரு கம்பெனியில், சாம்பிள் துணிகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு அங்கே துணி வாங்கும் பையர்கள் சொல்லும் குறைகளைப் பொறுமையாகக் கேட்டுக்கொள்கிற வேலை. ராயபுரத்தில் வாடகைக்கு இருந்தோம். வீட்டு ஓனர் ஒருநாள் வந்து, "மகளக் குடி வெக்கலாம்னு இருக்கறமுங்க. அவசரமில்லீங்க, ஆனா சீக்கிரம் பாத்துக்குங்க" என்றார். அந்த மகள் அப்போது ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். நாகரிகம் கருதி நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அன்று இரவுச் சாப்பாட்டின்போதுதான் சொந்த வீடு என்ற வார்த்தை முதல்முறையாக எங்கள் வீட்டுக்குள் வந்தது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் எங்களுடையவையாக இல்லை. புரோக்கருடையவையாகிவிட்டன. வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, எல்லோரையும் 'சாமி' என்று கூப்பிடும் மனிதர். எந்த வீட்டைக் காட்டினாலும் வாசலில் நின்று, "சாமி, ஊடுன்னா இதுதானுங்க ஊடு" என்பார். போன வாரம் காட்டியது அப்படியானால் என்ன என்று நான் கேட்டதில்லை. என் கணவர் செல்போனில் திசை பார்ப்பார், குழாயைத் திறந்து மூடுவார், பிறகு விரல் முட்டியால் சுவர்களைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். என்ன கேட்கிறது என்று ஒருமுறை விசாரித்தேன். "சத்தம்" என்றார்.

சாமளாபுரத்தில் ஒரு வீடு எங்களுக்குப் பிடித்தே போய்விட்டது. அகலமான ஹால், நல்ல காற்று, கோயில் மாதிரி அமைதி. அட்வான்ஸ் கொடுக்கலாமா என்று அவர் என் பக்கம் திரும்பியபோது, போயிருந்த கரண்ட் வந்தது. பின்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த விசைத்தறிகள் எல்லாம் ஒன்றாக ஓட ஆரம்பித்தன. அவருடைய உதடு அசைந்தது எனக்குத் தெரிந்தது. என்ன சொன்னார் என்று தெரியவில்லை. புரோக்கர் எங்கள் காதருகில் வந்து, "ரெண்டே நாள்ல பழகிருமுங்க சாமி!" என்று கத்தினார்.

இப்படிப் பார்த்துப் பார்த்துச் சலித்த நேரத்தில்தான் பெருமாநல்லூர் பக்கத்து வீடு வந்தது. மாடி கிடையாது. முன்னால் கொஞ்சம் இடம், பக்கவாட்டில் ஒரு முருங்கை மரம். ஓனர் கோயம்புத்தூரில் மகனோடு இருந்தார். வீட்டில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தது. கணவர் ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், மகள் பிளஸ் டூ. கதவைத் திறந்தது அந்த வீட்டு அக்கா. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருக்கும். ஹாலில் பனியன்கள் மலை மாதிரி குவிந்து கிடந்தன. வீட்டிலேயே உட்கார்ந்து தையல் பிசிறு வெட்டிக் கொடுக்கும் வேலை. எங்களைப் பார்த்ததும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

புரோக்கருக்கு போன் வந்தது. அவர் வெளியே போனதும் அந்த அக்கா வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"ஏனுங்க, இந்த ஊட்டையா வாங்கப் போறீங்க?"

"பாக்கத்தான் வந்தோம்க்கா" என்றேன்.

"பாருங்க, பாருங்க. பாக்கறதுக்கு நல்லாத்தானுங்க இருக்கும்."

அந்த இழுவையில் என் கணவர் குழாயை விட்டுவிட்டுத் திரும்பினார். அதற்கப்புறம் அவர் எதையும் சோதிக்க வேண்டியிருக்கவில்லை. அக்காவே அடுக்கினார். போர்வெல் தண்ணீர் உப்பு, குண்டாவெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் படியும். நல்ல தண்ணி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மேற்குப் பார்த்த வீடு, சித்திரையில் உள்ளே உட்கார முடியாது. பக்கத்துக் காம்பவுண்டில் வடக்கத்திப் பையன்கள் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள், லீவு நாளில் பாட்டுப் போட்டால் இங்கே டம்ளர் ஆடும். பழக்கதோஷத்தில் என் கணவர் சுவர்ப் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

"அந்தச் செவுத்தத் தட்டாதீங்க, உதுந்துருமுங்க" என்றார் அக்கா.

என் கணவர் சூடான இஸ்திரிப் பெட்டியைத் தொட்டவர் மாதிரி கையை இழுத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது வண்டியில் அவர் உற்சாகமாக இருந்தார். வேண்டாம் என்று சொல்ல இத்தனை காரணங்கள் அவருக்கு ஒரே இடத்தில் அதுவரை கிடைத்ததில்லை. "எப்பேர்ப்பட்ட மனுசி பாரு. நமக்கும் அவங்களுக்கும் என்ன சம்பந்தம்? கூப்பிட்டு வச்சு உண்மையச் சொல்றாங்க" என்று வழியெல்லாம் மெச்சிக்கொண்டே வந்தார். எனக்கும் அந்த அக்காவை நினைத்தால் நெகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

ஆனால் இரண்டு நாள் கழித்து, ஆபீசில் ஒரு பையரின் நீண்ட புகாரைப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு அந்த வீட்டுப் படுக்கையறை ஞாபகம் வந்தது. சுவருக்கு இளம்பச்சையில் புதுப் பெயிண்ட். "நாங்க அடிச்சதுங்க" என்று போகிற போக்கில் சொல்லியிருந்தார். எல்லா ஜன்னலுக்கும் கொசுவலை. சமையலறையில் புதுக் கடப்பாக்கல் அலமாரி. அதுவும் அவர்கள் போட்டதுதான். வாடகை வீட்டில் ஒரு காலண்டர் மாட்ட ஆணி அடிப்பதற்கே நாங்கள் யோசிப்போம். தண்ணீர் உப்பாகவும், வெயில் நெருப்பாகவும், தொட்டால் சுவர் உதிர்வதாகவும் இருக்கிற இன்னொருவர் வீட்டுக்கு எதற்காக ஒருவர் இவ்வளவு செய்ய வேண்டும்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மார்க்கெட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நான் மட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். பெருமாநல்லூர் வீட்டு முன்னால் ஒரு கார் நின்றது. வேறொரு குடும்பம் வீடு பார்க்க வந்திருந்தது. நெற்றி நிறையச் சந்தனத்தோடு ஒரு பெரியவர், அவருடைய மருமகள், மருமகள் இடுப்பில் குழந்தை. புரோக்கர் தெருமுனையில் போன் பேசிக்கொண்டிருந்தார். கேட் அருகில் நின்ற எனக்கு உள்ளே பேசுவது நன்றாகக் கேட்டது.

"கன்னி மூலையில மொதல்ல கெணறு இருந்துச்சுங்க. மூடிப்போட்டு மேல ஊடு கட்டியிருக்கறாங்க" என்று பெரியவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார் அக்கா. பிறகு மருமகள் பக்கம் திரும்பி, "கொழந்தைய எறக்கி உட்றாதீங்க கண்ணு. பக்கத்துக் காலி சைட்டுலருந்து அது வருமுங்க. பேரு சொல்லக் கூடாது, நீளமா இருக்கும்" என்றார்.

உப்புத் தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மேற்கு வெயில், வடக்கத்திப் பையன்கள், எதுவும் இல்லை. என் கணவருக்கு உதிரும் சுவர், பெரியவருக்கு மூடின கிணறு, பிள்ளைக்காரிக்குப் பாம்பு. ஒரு பையருக்கு அளவு சரியாக இருக்க வேண்டும், இன்னொருவருக்குச் சாயம் போகக் கூடாது. ஆளைப் பார்த்து எதற்குப் பயப்படுவார் என்று கண்டுபிடிக்க எனக்கு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. இவர் மோர் ஆற்றும் நேரத்துக்குள் கண்டுபிடித்துவிடுகிறார். கார் அவசரமாகக் கிளம்பிப் போனது. புரோக்கர் ஓடிவந்து, புழுதியைப் பார்த்துக்கொண்டே, "எல்லாரும் நல்லா சந்தோசமாத்தானுங்க உள்ள போறாங்க" என்று என்னிடம் குழப்பத்தோடு சொல்லிவிட்டு பைக்கில் அந்தக் காரைத் துரத்திக்கொண்டு போனார்.

வாசலுக்கு வந்த அக்கா என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"என்னங்க, மறுக்கா வந்திருக்கறீங்க?"

"ஏக்கா, எங்களுக்கு உப்புத் தண்ணி, அவங்களுக்குக் கெணறா?" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பொய் பிடிபட்டவர் முகமாக அது இல்லை. களைத்துப்போன முகமாக இருந்தது. பிறகு, "உள்ள வா கண்ணு" என்றார். அதுவரை 'ங்க' போட்டுப் பேசியவர் அன்றிலிருந்து என்னிடம் அதை விட்டுவிட்டார்.

டீ போட்டுக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். இந்த வீட்டை உங்களுக்கே தருகிறேன் என்று ஓனர் ஆரம்பத்தில் வாக்குக் கொடுத்திருந்தாராம். அதை நம்பித்தான் பெயிண்ட், அலமாரி எல்லாம். அக்காவின் கணவருக்கு வாரக்கூலி, கையில் ரொக்கம், சம்பளச் சீட்டு என்று ஒன்று கிடையாது. பேங்கில் லோன் தரவில்லை. ஓனர் கொஞ்ச நாள் பொறுத்தார், அப்புறம் புரோக்கரிடம் சொல்லிவிட்டார்.

"பிள்ளைக்குப் பரிட்சை வருது கண்ணு. அதுவரைக்குமாச்சும் ஆருமே வாங்காம இருந்தாப் போதும்னு ஆரம்பிச்சேன். அப்பறம், இப்படியே ஆரும் வாங்காம இருந்தா வெல கொறச்சு நமக்கே குடுத்தாலும் குடுப்பாரோன்னு ஒரு ஆச."

"அப்ப நீங்க சொன்னதெல்லாம் பொய்யாக்கா?"

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "தண்ணி உப்புங்கறது நெசம். பாம்பும் நெசந்தான், ஒருக்கா வந்துச்சு, அது பாட்டுக்குப் போயிருச்சு. செவுரு உதுருமா? குத்திப்பாரு" என்று தானே ஓங்கி ஒரு குத்து விட்டார். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்தான் கையை உதறிக்கொண்டார்.

அதற்கப்புறம் அவரால் நிறுத்த முடியவில்லை. வீட்டுக்குள் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்தால் எப்படிக் காற்று வரும், மழை பெய்தால் எந்த இடத்தில் உட்கார்ந்தால் சாரல் படாமல் பார்க்கலாம், ஐப்பசியில் காலை வெயில் எந்தச் சுவரில் விழும், பக்கத்து ஒடிசாப் பையன்களுக்குக் காய்ச்சல் என்றால் இவர் கஞ்சி வைத்துக் கொடுப்பதும், அவர்கள் இவருக்கு சிலிண்டர் தூக்கிக் கொடுப்பதும். இத்தனை நாள் அலைச்சலில் ஒரு வீட்டைப் பற்றி யாரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை. அவர் சொல்லச் சொல்ல எனக்கு அந்த வீட்டின்மேல் ஆசை ஏறிக்கொண்டே போனது. இதை எப்படி வாங்குவது என்கிற சங்கடமும் கூடவே ஏறியது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் கதையை ரசித்துக் கேட்டார். கேட்டு முடித்ததும், "அப்ப குறையே இல்லையா? நாளைக்கே அட்வான்ஸ் குடுத்துடலாம்" என்றார். ஒரு வீட்டைப் பற்றி அவர் உடனடியாக எடுத்த ஒரே முடிவு அதுதான்.

"எனக்கு வேண்டாம்" என்றேன்.

"நல்லா இருக்குன்னு நீதான சொன்ன?"

"நல்லா இருக்கு. அதான் வேண்டாம்."

ஒரு வாரம் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. நாம் வாங்காவிட்டால் வேறு யாராவது வாங்கத்தான் போகிறார்கள் என்றார். அது சரிதான். நான் பெரிய தியாகம் எதுவும் செய்துவிடவில்லை. அந்த ஜன்னலைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் அந்த அக்காவின் குரல் கேட்கும், அந்தக் குரலோடு என்னால் குடித்தனம் நடத்த முடியாது, அவ்வளவுதான். இதை அவருக்கு விளங்க வைக்க எனக்குத் தெரியவில்லை.

எங்கள் சண்டை முடிவதற்குள் வீடு விற்றுப்போனது. வாங்கியவர் ஒரு கம்பெனி முதலாளி. வேலையாட்களைத் தங்கவைக்க இடம் தேடியவர், வரைபடத்தை செல்போனில் பார்த்துவிட்டு, பேச்சையும் போனிலேயே முடித்துவிட்டார். அக்கா என்னைப் போனில் கூப்பிட்டார். குரல் அடைத்திருந்தது. அழுதிருப்பார் என்று நினைத்தேன். கோபம்தான் அதிகமாக இருந்தது.

"ஒரு எட்டு வந்து பாக்கவே இல்ல கண்ணு. வந்திருந்தா நாலு வார்த்த சொல்லியிருப்பேன். பாக்காமலேயே ஒருத்தன் ஊடு வாங்குவானா?"

சாம்பிள் பார்க்காமல் ஆர்டர் கொடுத்த பையரை நானும் கேள்விப்பட்டதில்லை என்றேன்.

பரீட்சை முடியும்வரை இருந்துகொள்ளலாம் என்று புது முதலாளி ஆள் மூலமாகச் சொல்லியனுப்பினார். முகம் தெரியாத அந்த மனிதரை எப்படித் திட்டுவது என்று அக்காவுக்குத் தெரியவில்லை. பரீட்சை முடிந்ததும் அடுத்த வீதியில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனார்கள். கடப்பாக்கல்லைப் பெயர்த்து எடுத்துப் போகப் பார்த்தார்கள், உடைந்துவிட்டது.

அதற்குப் பிறகு நாங்கள் வீடு பார்க்கப் போனபோதெல்லாம் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். புரோக்கருக்கு இது பிடிக்கவில்லை. "சாமி, இந்தம்மா எதுக்குங்க?" என்று என் கணவரின் காதைக் கடித்தார். அக்கா ஒன்றும் சொல்ல மாட்டார். உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே வந்து, வேண்டாம் என்றால் செருப்பை மாட்டிக்கொள்வார். அவர் செருப்பு மாட்டினால் நாங்களும் மாட்டிக்கொண்டோம். பெருமாநல்லூரிலேயே ஒரு சந்துக்குள் சுமாரான வீடு ஒன்றில், அவர் சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

"எப்படிக்கா?" என்று என் கணவர் பயந்துகொண்டே கேட்டார்.

"இருக்கலாமுங்க" என்றார்.

அந்த வீட்டில்தான் இப்போது இருக்கிறோம். பால் காய்ச்சிய அன்று தேனியிலிருந்து சொந்தக்காரர்கள் வேன் வைத்து வந்திருந்தார்கள். பந்தியில் உட்கார்ந்துகொண்டு என் கணவர், இந்தக் காலத்தில் ஒரு வீட்டைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு நுணுக்கமான காரியம், எதையெல்லாம் கவனிக்க வேண்டும், தான் எப்படி ஒவ்வொன்றாக அலசிப் பார்த்து இதைக் கண்டுபிடித்தார் என்று என் சித்தப்பாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். சாம்பார் வாளியோடு வந்த அக்கா அவருடைய இலைக்கு முன்னால் நின்று, கடைசிவரை கேட்டார். பிறகு முகத்தில் ஒரு சின்ன அசைவும் இல்லாமல் சித்தப்பாவிடம், "ஆமாங்க, ரொம்பச் செரமப்பட்டுட்டாருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தார்.