அவருடைய ஒற்றை வரி

பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் எங்கள் குழுவுக்குத் தலைவராக இருந்தவரை இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது. கசங்காத சட்டை, கழுத்தில் ஹெட்போன். நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீயை உறிஞ்சிக்கொண்டே மற்றவர்கள் எழுதிய நிரலைத் திறந்து வரி வரியாக அழிப்பார்.

கிள்ளான் கிளினிக் ஒன்றுக்காக, நோயாளிகள் தங்களுக்கு ஒத்துக்கொள்ளாத மருந்துகளை டிக் செய்யும் பக்கத்தை எழுதியிருந்தேன். எத்தனை டிக் போட்டாலும் எல்லாம் கணினிக்கு 'ஒவ்வாமை' என்ற ஒரே பெயரில்தான் வரும். அவற்றைச் சேர்த்துவைக்க நான் எழுதியதை அழித்துவிட்டு, பெயரும் மதிப்புமாக வரும் ஜோடிகளை அப்படியே, ஒரு பெயருக்கு ஒரு மதிப்பை மட்டுமே வைத்துக்கொள்ளும் ஆப்ஜெக்டாக மாற்றும் ஒற்றை வரியைப் போட்டார் அவர்.

"அண்ணே, ஒரே பேர்ல ரெண்டு வந்தா, பின்னாடி வர்றது முன்னாடி உள்ளத அழிச்சிரும்" என்றேன்.

"நீ ரொம்ப யோசிக்கிற லா."

அவர் கண்ணெதிரிலேயே பென்சிலின், ஆஸ்பிரின் இரண்டையும் டிக் செய்து அனுப்பினேன். திரையில் ஆஸ்பிரின் மட்டும்தான் இருந்தது.

"இத நம்பி டாக்டர் பென்சிலின் ஊசி போட்டா?"

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். என் நிரலைத் திரும்பப் போடுவார் என்று நினைத்தேன். அவரோ டிக் போடும் கட்டங்களை வட்டங்களாக மாற்றினார். ஒன்றைத் தொட்டால் மற்றது தானாக அணைந்துவிடும்.

"இப்ப ஒண்ணுதான் செலக்ட் பண்ண முடியும். செட்டல்."

அன்று மாலையே கிளினிக் டாக்டருக்கு நானே போன் செய்து சொன்னேன். என் வேலை போனது. எங்கள் தலைவர் இன்னும் அந்த அலுவலகத்தில்தான் இருக்கிறார். தன் ஒரு வரியைக் காப்பாற்ற நோயாளியின் உடம்பையே திருத்தத் துணிந்த மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.