அழியாத அளவு

வெப்சைட் செய்கிறவன் பிழைப்பு இருக்கிறதே, மறந்தாலும் ஏச்சு, மறக்காவிட்டாலும் ஏச்சு. என்னைப் போல் கீபோர்டைத் தட்டி வாங்கிக் கட்டிக்கொள்ளும் சொந்தங்களே, கேளுங்கள் இந்தக் கூத்தை.

கையைத் தூக்குங்க

தெற்குவாசலில் தையல்கடை வைத்திருக்கும் நிசார் பாய், அளவு நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு என்னிடம் ஒரு ஆப் செய்து வாங்கினார். ஒரு பக்கத்தில் அளவு, அடுத்த பக்கத்தில் காலர் மாதிரி. காலரைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் அளவுப் பெட்டியெல்லாம் காலி! பக்கம் மாறும்போது எழுதினதைப் பத்திரமாக வைக்க நான் மறந்திருந்தேன்.

எழுமலையிலிருந்து வந்த பெரியசாமி அண்ணன் வாட்டசாட்டமான மனுஷன். மார்பு நாற்பத்தாறு, வயிறு ஐம்பது. மூன்று தடவை அவரைக் கையைத் தூக்க வைத்து அளந்தார்கள். நாலாவது தடவை கேட்டுவிட்டார்: "ஏண்ணே, நான் சட்டை தைக்க வந்தேனா, பி.டி. பீரியடுக்கு வந்தேனா?"

எல்லாம் அவசரம்

மானம் போச்சு! அன்றே உட்கார்ந்து, எந்தப் பக்கம் போய்வந்தாலும் எழுதினது அப்படியே நிற்கும்படி செய்தேன். அதுவும் நின்றது, நின்றுகொண்டே இருந்தது. ஒருவருக்கு 'அவசரம்' என்று டிக் போட்டால் அடுத்து வருகிறவருக்கும் அதே டிக். தலையணை உறைகூட அவசரம். கட்டிங் மாஸ்டர் முருகேசன் கையெடுத்துக் கும்பிட்டார்: "எல்லாமே அவசரம்னா நான் எப்பத்தான் தம்பி சோறு திங்கிறது?" நான் அந்த டிக்கை மட்டும் சரிசெய்துவிட்டு, அளவுப் பெட்டிகளைப் பார்க்காமலே எழுந்தேன். எனக்குக் கல்யாண அவசரம்.

உங்க சாப்ட்வேர்தானே

என் ரிசப்ஷன் கோட்டுக்கு அங்கேயே துணி கொடுத்து, "அளவெடுக்க சாயங்காலம் வாரேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். மத்தியானமே மாஸ்டர் போன் செய்தார். "வர வேணாம் தம்பி, அளவு ஏற்கெனவே இருக்கு." என்ன அக்கறை என்று பூரித்துப்போனேன், மடப்பய! அன்று எனக்குச் சற்று முன்னால் இன்னொரு சட்டைக்குத் துணி கொடுத்தவர் பெரியசாமி அண்ணன். என் பெயருக்குக் கீழே அவர் வயிறு நின்றிருக்கிறது.

திருநகர் மண்டபத்தில், ரிசப்ஷனுக்கு ஒரு மணி நேரம் முன்னால், பாயும் மாஸ்டரும் கொண்டுவந்து கொடுத்த கோட்டைப் போட்டேன். உள்ளே நான் போக, மாமனாருக்கும் இடம் இருந்தது. பெண்வீட்டுச் சனம் அம்புட்டுப் பேர் முன்னாலும் இந்தக் கோலத்திலா? அழுகையே வந்துவிட்டது. "அளக்காம எப்படிண்ணே வெட்டுனீங்க?" என்று கத்தினேன். மாஸ்டர் முழித்தார்: "உங்க சாப்ட்வேர்தானே தம்பி, உங்க அளவு அதுக்குத் தெரியாமலா இருக்கும்?"

பதினாலு ஊக்கு

பாய் கோட்டை முதுகுப் பக்கம் சேர்த்துப் பிடித்துப் பதினாலு ஊக்கு குத்தினார். யாருக்கும் முதுகைக் காட்டக்கூடாது என்று உத்தரவு வேறு. மேடையில் கூட்டாளி ஒருவன் பாசமாக முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். நான் போட்ட சத்தத்தில் நாதஸ்வரமே ஒரு நொடி நின்றது. புதுப்பெண் என்னவென்று கேட்டாள். இனி என்ன மறைப்பது, காதோடு முழுக்கதையையும் சொன்னேன். கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே சொன்னாள்: "நல்லவேளை, கல்யாணப் பத்திரிகைய நீங்க அடிக்கல. அடிச்சிருந்தா மாப்ள பேரும் பெரியசாமின்னுல்ல நின்னிருக்கும்!"

எதையும் மறக்காமல் இருக்க ஆப்புக்குச் சொல்லிக் கொடுத்த நான், எப்போது மறக்க வேண்டும் என்பதை முதுகில் பதினாலு ஊக்கோடு படித்தேன்.