'கட்' என்ற சொல்லும் அத்தையின் ரப்பர் மரமும்

அத்தையின் ரப்பர் மரத்துப் பட்டையில் இருந்த அந்த வெள்ளைக் காயம் விரல் நகத்தின் அளவுகூட இராது. வெளிக்கள உத்தியோகத்தர் ஐயா அதைத் தடவிப் பார்த்து, 'டீப் கட்' என்றார். 'கட்' என்றதும் எனக்கு இன்றும் அந்த மரம்தான் முன்னால் வருகிறது.

இப்போது நான் வரக்காப்பொலயில் ஆங்கில ஆசிரியன். போன வாரம் ஒரு மாணவி, "சேர், இந்த 'கட்' எங்கருந்து வந்திச்சு?" என்று கேட்டுத் தொலைத்தாள். அகராதிகளைப் புரட்டினேன். பழைய ஆங்கிலத்தில் வெட்டுவதற்கு வேறு சொற்கள் இருந்தனவாம். இது பிறகு வந்து அவற்றை ஓரங்கட்டிவிட்டது. ஸ்காண்டிநேவியாப் பக்கமிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள், சத்தியம் பண்ண ஒருவரும் தயாரில்லை. அர்த்தங்களோ ஏராளம். எங்கள் ரப்பர் தோட்டத்திலேயே கரண்ட் கட், முடி கட், கிளாஸ் கட், காதலர்கள் பிரிந்தால் அதுவும் கட்.

'டீப் கட்' மட்டும் வேலையைப் பறிக்கும். பால் வெட்டும் கத்தி பட்டையை மட்டும்தான் சீவ வேண்டும். ஆழமாகப் போய் மரத்தில் பட்டால் அந்த இடத்தில் பட்டை ஒழுங்காக வளராது. அப்படி வெட்டியவரிடம் கத்தியை வாங்கிக்கொண்டு புல் வெட்ட அனுப்பிவிடுவார்கள்.

அத்தை பதினெட்டு வருடம் ஒரு காயமில்லாமல் வெட்டியவள். அவள் காய்ச்சலில் படுத்த மூன்று நாளும் அவளுக்குப் பதிலாக நான் போனேன். தோட்டத்து லயன் வீடுகளில் அது வழக்கம், ஐயாவும் கண்டுகொள்ள மாட்டார். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு மிதப்பில் திரிந்த வயது. அத்தையைவிட அதிகம் பால் எடுத்துக் காட்டுகிறேன் பார் என்று அழுத்தி வெட்டினேன். மடையன்!

ஐயா காயத்தைக் கண்டுபிடித்தபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். எனக்குத் தோட்ட ஆபீசில் வேலை தருவதாக அவர் சொல்லியிருந்த நேரம் அது. யார் வெட்டியது என்று கேட்டார். "மமய் மாத்தயா" என்றாள் அத்தை சிங்களத்தில், நான்தான் ஐயா என்று. நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் அவளுடைய மரங்களில் வேறொருத்தி பால் வெட்டினாள். அத்தை அதே மரங்களுக்குக் கீழே புல் வெட்டினாள். ஓய்வு பெறும்வரை அதுதான் அவள் வேலை.

மாணவிக்கு விடை சொன்ன அன்று பின்னேரமே பஸ் ஏறினேன். அத்தையின் முன்னால் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். "போடா, அதெல்லாம் எப்பவோ" என்பாள் என்றுதான் நினைத்தேன்.

"அன்னிக்கு நீ ஐயாகிட்ட சொல்லுவேன்னு நெனச்சேன்டா," என்றாள். "அடுத்த நாளும் நெனச்சேன்."